கேரவன் ஜன்னல் திரை: துணியைப் பார்த்து ஸ்க்ரூவைக் கோட்டை விடாதீர்கள்

கேரவன் ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கப் போனால் நிறத்தையும் துணியையும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் வண்டி நிறுத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திரையை மாட்டும் ஸ்க்ரூவை. தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலையில் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்பு உள்ளே வரும். சாதாரண முலாம் ஸ்க்ரூ சீக்கிரமே துருப்பிடித்து, துணியில் பழுப்பாக வழியும். எங்கள் வண்டியில் நல்ல விலை கொடுத்து வாங்கிய திரை இப்படித்தான் வீணானது. எத்தனை முறை துவைத்தும் கறை போகவில்லை.

316 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ கேளுங்கள். கடலோர வேலைக்கு ஏற்றது அதுதான். கிடைக்காவிட்டால் 304. காந்தம் பலமாக ஒட்டினால் வாங்க வேண்டாம். ஜன்னல் சட்டம் அலுமினியமாக இருந்தால் ஸ்க்ரூவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நைலான் வாசர் கட்டாயம் வேண்டும். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும்.

பழைய ஓட்டை தளர்ந்துவிட்டதென்று நீளமான ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேனின் உள்பலகை மெல்லியது, அதன் பின்னால் வயர் ஓடும். ஓட்டையில் பசை தடவிய மரக்குச்சியைச் செருகி, காய்ந்ததும் அதே நீள ஸ்க்ரூவைப் போட்டாலே பிடித்துக்கொள்ளும்.

ஒரு ஜன்னலை அளந்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதே அளவில் வெட்டச் சொல்வதும் தவறு. ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என அகலத்தை மில்லிமீட்டரில் அளங்கள். திரை சட்டத்துக்குள் உட்காருவதாக இருந்தால் மூன்றில் குறைந்த அளவைக் கொடுங்கள்.

மடிப்புத் திரையாக இருந்தால், கழற்றும் முன் கயிறு போகும் வழியைப் போட்டோ எடுத்து வையுங்கள். சில நேரம் கயிறு மட்டும்தான் அறுந்திருக்கும், துணி நன்றாகவே இருக்கும். அப்போது கயிற்றை மாற்றினால் போதும்.

அப்புறம் மணல். ஆடிக் காற்றில் தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் திரை ஓடும் பள்ளத்தில் மணல் நிறைந்திருக்கும். இறுக்கமாக ஓடுகிறதே என்று எண்ணெய் விட்டால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு பள்ளத்தையே தேய்த்துவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

மாட்டி முடித்ததும், திரைகளை இறக்கிவிட்டு, வேகத்தடைகள் உள்ள சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரையின் கீழ்ச்சட்டம் சுவரில் தட்டினால் இரண்டு ஓரத்திலும் ஒரு கொக்கி வைத்துவிடுங்கள்.