கர்ப்பகாலத்தில் மார்பகக் கட்டி: "பிரசவம் முடியட்டும்" என்பதில் தொடங்கும் தவறுகள்

கர்ப்பிணிக்கோ பால் கொடுக்கும் தாய்க்கோ மார்பில் கட்டி தட்டுப்பட்டால், "பால் கட்டியிருக்கும்" என்பதுதான் வீட்டில் எழும் முதல் பேச்சு. பெரும்பாலும் அது சரிதான். இந்தக் காலத்தில் வரும் கட்டிகளில் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. ஆனால் மார்பே தடித்து முடிச்சு முடிச்சாக மாறியிருக்கும்போது, கையால் தடவிப் பார்த்து இது இன்னதென்று சொல்ல மருத்துவராலும் முடியாது. பால் கட்டு என்றால் குழந்தை குடித்த பிறகு இளகும். இரண்டு வாரமாகியும் அப்படியே இருக்கும் கட்டிக்கு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மார்பு சிவந்து வீங்கி, ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முழுதும் முடிந்த பின்னும் வடியவில்லை என்றால், அடுத்த ஆன்டிபயாட்டிக்குக்குத் தாவாமல், திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி கேளுங்கள். அழற்சி வகைப் புற்றுநோய் சீழ்க்கட்டி போலவே தோன்றும். முட்டைக்கோஸ் இலையும் மல்லிகைப்பூவும் கட்டியே இரண்டு மாதம் ஓட்டிவிட்டு வருபவர்கள் உண்டு.

பரிசோதனையில் முதலிடம் அல்ட்ராசவுண்டுக்கு; அதில் கதிர்வீச்சே கிடையாது. சந்தேகம் வந்தால் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் எடுக்கலாம். கருவுக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிகச் சொற்பம். எம்ஆர்ஐ தேவைப்பட்டால் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கடோலினியம் மருந்து இல்லாமல் எடுப்பார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பதோடு நின்றுவிடுவது. கர்ப்பத்தில் மார்பகச் செல்கள் வேகமாகப் பெருகும். அந்தத் தோற்றம் புற்று இல்லாததைப் புற்றாகக் காட்டலாம், இருப்பதை மறைக்கவும் செய்யலாம். தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுக்கும் கோர் பயாப்ஸிதான் நம்பகமானது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும், குழந்தைக்கு ஆபத்தில்லை. அனுப்பும் படிவத்தில் "கர்ப்பிணி, இத்தனை வாரம்" அல்லது "பாலூட்டுகிறார்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நோயியல் மருத்துவர் எதை எதிர்பார்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரி மாற்றும்.

புற்றுநோய் உறுதியானதும் குடும்பம் இரண்டு முனைகளில் ஒன்றுக்கு ஓடும்: கருவைக் கலைப்பது, அல்லது பிரசவம் வரை எதுவும் செய்யாமல் இருப்பது. கருவைக் கலைப்பதால் மட்டும் தாயின் ஆயுள் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சும்மா காத்திருக்கவும் வேண்டியதில்லை. அறுவை சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம். உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் கீமோ கூடாது. ஏறத்தாழ 14 வாரத்துக்குப் பிறகு டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகளைக் கொடுக்கிறார்கள். கர்ப்பம் என்று டோஸைக் குறைப்பதும் தவறு. அன்றைய உண்மையான எடைக்கே கணக்கிட வேண்டும். கடைசி டோஸுக்கும் பிரசவத்துக்கும் நடுவே மூன்று வாரமாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய், குழந்தை இருவருக்குமே ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பிரசவம் வந்து நிற்கும். HER2 வகைப் புற்றுக்குக் கொடுக்கும் ட்ராஸ்டுஸுமாப் பனிக்குட நீரை வற்றச் செய்யும், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையான டமாக்ஸிஃபன் பிறவிக் குறைபாட்டுக்குக் காரணமாகலாம். ஆகவே இவை இரண்டும், கதிர்வீச்சு சிகிச்சையும், பிரசவத்துக்குப் பிறகுதான். கீமோ நடக்கும் காலத்தில் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடச் சேதம் செய்வது, "குழந்தையைச் சீக்கிரம் எடுத்துவிட்டு நிம்மதியாகக் கீமோ தொடங்கலாம்" என்ற அவசரம் என்பது எங்கள் கணிப்பு. பெல்ஜியத்தின் மருத்துவர் அமாண்ட் குழு 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்ட தாய்மாருக்குப் பிறந்த 129 குழந்தைகளை, அதே வாரக்கணக்கில் பிறந்த மற்ற 129 குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அறிவு வளர்ச்சியிலோ இதயச் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறிவு வளர்ச்சி மதிப்பெண் குறைந்தது குறைமாதத்தோடு சேர்ந்துதான், இரு குழுவிலுமே. இதையும் அளவோடு படிக்க வேண்டும்: ஆய்வின்போது அவர்கள் சின்னஞ்சிறு குழந்தைகள், கருவின் எடை குறையலாம் என்பதால் வளர்ச்சி ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. வேறு சிக்கல் இல்லாவிட்டால் 37 வாரத்தை எட்டுவதே இலக்கு.

சிகிச்சை முடிந்து அடுத்த குழந்தை வேண்டும் என்போர் இப்போது 'பாசிட்டிவ்' (POSITIVE) என்று பெயரிட்ட ஆய்வைக் காட்டிக் கேட்கிறார்கள். 2023-இல் வெளியான அதில், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை இடையில் நிறுத்திக் கருத்தரிக்க முயன்றவர்களுக்கு மூன்றாண்டில் நோய் திரும்பியது 8.9 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 9.2. இதை "மாத்திரையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று படிக்கிறார்கள். அதில் சேர்ந்தவர்கள் 42 வயதுக்குள், நோய் பரவாத நிலையில், மாத்திரையை 18 முதல் 30 மாதம் எடுத்து முடித்தவர்கள். நிறுத்தியதும் மூன்று மாதம் மருந்து உடலை விட்டு வெளியேற விட்டார்கள். இடைவெளி இரண்டு ஆண்டு வரைதான். பிறகு மீண்டும் தொடங்க வேண்டும். ஹார்மோனால் தூண்டப்படும் இவ்வகைப் புற்றுநோய் பத்தாண்டு கழித்தும் திரும்பக்கூடியது, ஆய்வு பார்த்ததோ ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள். நிறுத்தும் நாளைக் குறிக்கும்போதே, திரும்பத் தொடங்கும் நாளையும் புற்றுநோய் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.