கடலடிக் குழாயில் ஹைட்ரேட் கட்டுமா? கணக்குப் போடும் முறை

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெப்பநிலை, மேலே அழுத்தம். முதலில் உங்கள் குழாயில் ஓடும் இயற்கை எரிவாயுவின் ஹைட்ரேட் கோட்டை, அதாவது எந்த அழுத்தத்தில் எந்த வெப்பநிலையில் ஹைட்ரேட் கட்டத் தொடங்கும் என்பதை, வரையுங்கள். நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி வாயுவை உள்ளே அடைத்துக்கொள்வதுதான் ஹைட்ரேட். பார்ப்பதற்குப் பனிக்கட்டிதான், ஆனால் சுழியத்துக்கு வெகு மேலேயே உறைந்துவிடும். கோட்டுக்கு இடப்பக்கம் ஆபத்து, வலப்பக்கம் நிம்மதி.

தூய மீத்தேனின் கோட்டை வரைந்து ஏமாந்துவிடாதீர்கள். 10 டிகிரி செல்சியஸில் மீத்தேன் ஹைட்ரேட்டாக உறைய 70 பார் அழுத்தம் வேண்டும். ஈத்தேனும் புரொப்பேனும் கலந்து ஒப்படர்த்தி (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.7 ஆகிவிட்ட வாயுவுக்கு அதே குளிரில் 20 பார் சொச்சமே போதும். அதனால் ஆய்வகத்தின் பகுப்பாய்வு அறிக்கை வராமல் இறுதிக் கணக்கில் யாரையும் நான் கைவைக்க விடுவதில்லை. அதுவரை டொனால்ட் கேட்ஸ் 1945-ல் தந்த ஒப்படர்த்தி வரைபடமே தோராயத்துக்குப் போதுமானது.

அடுத்து, கிணற்றிலிருந்து கரை வரை வாயு போகும் பாதையை அதே தாளில் வரையுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தைக் கண்டதும் பலர் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சூடான வாயு ஓடிக்கொண்டிருக்கும் குழாய் பல நேரம் தப்பித்துவிடும். நின்ற குழாய் அப்படியல்ல. அழுத்தம் குறையாமலேயே கடலின் குளிருக்கு இறங்கிவிடும். மீண்டும் திறக்கும்போது ஓட்டத்தை நெரித்துக் கட்டுப்படுத்தும் சோக் வால்வைத் தாண்டி விரியும் வாயு கடலைவிடவும் குளிரக்கூடும். கணக்கை அந்த வேளைக்குப் போடுங்கள்.

ஓர் உதாரணம். அழுத்தம் 100 பார், ஹைட்ரேட் வெப்பநிலை 19 டிகிரி, கடலடி 4 டிகிரி. இடைவெளி 15, பாதுகாப்புக்கு 3 சேர்த்தால் 18. ஹைட்ரேட் கட்டாமலிருக்கக் குழாயில் செலுத்தும் உறைதடுப்புத் திரவம்தான் கிளைக்கால். அது எவ்வளவு வேண்டும் என்று சொல்வது ஹாமர்ஷ்மிட் 1934-ல் தந்த சூத்திரம். கிளைக்காலின் மூலக்கூறு எடை 62-ஐ 18-ஆல் பெருக்கினால் 1116. அதை 1116, சூத்திரத்தின் மாறிலியான 1297 ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.46. அதாவது குழாயிலுள்ள நீர்க்கலவையில் 46 சதவீத எடை கிளைக்காலாக இருக்க வேண்டும். நார்வேயின் ஆர்மன் லாங்கே எரிவாயு வயலைப்போல் கடலடி −1 டிகிரிக்கு இறங்கினால் இதே வாயுவுக்கு 52 சதவீதம் தேவைப்படும்.

46 என்பது செலுத்தும் கிளைக்காலின் செறிவு அல்ல, குழாயின் கடைக்கோடியில் மிஞ்ச வேண்டிய செறிவு. 90 சதவீதக் கரைசலைச் செலுத்தினால் ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 1.05 கிலோ ஆகும். எனவே நீரின் அளவில் கஞ்சத்தனம் கூடாது: வாயுவிலிருந்து குளிர்ந்து இறங்கும் நீரோடு, கிணறு முதிரும்போது பாறையிலிருந்து வரும் நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நீரில் உப்பு இருந்தால் அதுவும் ஓரிரு டிகிரி உதவும். ஆனால் நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கரையில் வந்து சேரும் கிளைக்காலின் மாதிரியைத் தவறாமல் சோதனைக்கு அனுப்புங்கள். 46-க்குக் கீழே போனால் செலுத்தும் அளவைக் கூட்டுங்கள். பம்பு திணறினால் உற்பத்தியைக் குறையுங்கள்.