ஜெபத்திலேயே குத்திக்காட்டலாமா?

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பல கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்புறம் ஜெபம். சில வீடுகளில் சண்டையே அந்த ஜெபத்தில்தான் நடக்கும். "ஆண்டவரே, பெரியவர்களை மதிக்கிற குணத்தை இந்த வீட்டில் எல்லாருக்கும் தாரும்" என்பார் மாமியார், கண்ணை மூடியபடி. அது யாருக்கு என்று மருமகளுக்குத் தெரியும். ஜெபத்துக்குக் குறுக்கே பேச முடியுமா? ஆமென் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை 'டங்'கென்று வைப்பாள். (என் கணக்கு மார்க்கும் சின்ன வயதில் இப்படித்தான் ஆண்டவர் காதுக்குப் போனது. அப்பா என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் ட்யூஷன் வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.)

பைபிளில் மத்தேயு 18:15 சொல்லும் வழி வேறு. குற்றம் செய்தவனிடத்தில் போய், "நீயும் அவனும் தனித்திருக்கையில்" சொல்ல வேண்டும். நமக்கோ அதைத் தவிர எல்லாம் வரும். மகன் குடிக்கிறான் என்ற விஷயம் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் சபை வாட்ஸ்அப் குழு முழுக்கப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாலு பேர் அவன் தோளைத் தட்டி விசாரிப்பார்கள். அடுத்த வாரம் அவன் கோயிலுக்கே வர மாட்டான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அடி வாங்குகிறவளிடம் எபேசியர் 5:22-ஐ எடுத்து நீட்டுவது. "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்பது நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனம் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. 25-ஆம் வசனம், சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்துவைப் போல அன்புகூரும்படி புருஷனுக்குச் சொல்கிறது. கை ஓங்குகிறவனுக்கு இந்த அதிகாரத்தில் ஒரு வரி ஆதரவும் கிடையாது. "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று அவளைத் திருப்பி அனுப்புகிற சபை மூப்பர், அடுத்த அடிக்கும் பொறுப்பாளி என்றுதான் நான் சொல்வேன். மன்னிப்பது வேறு, அதே அறைக்குத் திரும்பிப் போவது வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நம் வீடுகளுக்கும் சேர்த்துத்தான். 181 பெண்கள் உதவி எண், அவசரமென்றால் 112. இந்த எண்களை அழைப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

ஊழியத்தைச் சாக்காக வைப்பதும் உண்டு. உபவாச ஜெபம், வீட்டுக்கூட்டம், கன்வென்ஷன் என்று ஒருவர் வாரம் முழுக்க ஓடுவார். படுத்திருக்கும் தாயாருக்கு மாத்திரை கொடுக்க ஆள் இருக்காது. 'கொர்பான்', அதாவது 'இது கடவுளுக்குக் காணிக்கை' என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7-இல் இருக்கிறது.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற வசனத்தை வைத்துக்கொண்டு, தூங்கப் போகிறவரை உட்காரவைத்து நடுராத்திரி வரை வழக்குப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். சண்டை தொடங்கியதே பத்து மணிக்கு. சூரியன் போய் எவ்வளவு நேரமாயிற்று! அந்த வசனம் எரிச்சல் தணியட்டும் என்கிறது. அன்றைக்கே தீர்ப்புச் சொல்லி முடிக்கச் சொல்லவில்லை. கடன், வரதட்சணைப் பேச்சு, சொத்துப் பங்கு எல்லாம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு பேச வேண்டியவை.

எலியா தீர்க்கதரிசியின் கதை 1 இராஜாக்கள் 19-இல் இருக்கிறது. செத்துப்போனால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். வந்த தூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு இல்லை. தூதன் இரண்டாம் தரம் வந்து மறுபடியும் சாப்பிடத்தான் சொன்னான். நம் வீட்டில் இப்படி ஒருவர் சுருண்டு படுத்தால், "உனக்கு விசுவாசம் போதாது" என்போம். பல நாள் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். நேரே போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அந்த எண்ணுக்கு போன் போட்டு அவர் கையில் கொடுங்கள்.