சதுரங்க மாற்றுவடிவ எஞ்சின்: காப்புரிமையைச் சரிபார்ப்பது எப்படி?

வழக்கமான சதுரங்கத்தின் விதியையோ பலகையையோ மாற்றிய ஆட்டங்களை ஆடும் நிரல்தான் மாற்றுவடிவ எஞ்சின். அதைக் கோத்தகிரியில் உட்கார்ந்து எழுதினாலும், அமெரிக்காவில் விநியோகித்தால் அந்நாட்டுச் சட்டமும் பொருந்தும். இங்கே இந்தியாவில் கவலை குறைவு: 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(எம்)-படி விளையாடும் முறையும், 3(கே)-படி வெறும் கணினி நிரலும் கண்டுபிடிப்பே அல்ல.

அமெரிக்காவில் கதை வேறு. 10x8 கட்டப் பலகையில் ஆடும் காதிக் செஸ் என்ற மாற்றுவடிவத்துக்கு 2002-இல் காப்புரிமை கிடைத்தது. பராமரிப்புக் கட்டணம் கட்டாததால் பின்னர் காலாவதியானது. ஆகவே காப்புரிமை எண்ணைக் கண்டதும் மிரளாதீர்கள். முதலில் அந்தக் காப்புரிமை உயிரோடு இருக்கிறதா என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் பாருங்கள். கூகுளின் காப்புரிமைத் தேடல் தளமான கூகுள் பேட்டன்ட்ஸ் காட்டும் நிலை வெறும் அனுமானம். பிறகு உரிமைக்கோரல்களை, அதாவது காப்புரிமை எதைப் பாதுகாக்கிறது என்று வரையறுக்கும் பகுதிகளை, வரிவரியாகப் படியுங்கள். சுருக்கத்தைப் படித்துப் பதறுவதுதான் வழக்கமான தப்பு. ஒரு கோரலின் எல்லா அம்சங்களும் உங்கள் எஞ்சினில் இருந்தால்தான் நேரடி மீறல்.

ஆட்டத்தின் பெயர் வணிகக்குறியாக இருக்கலாம்; அது தனித் தேடல்.

மாற்றுவடிவங்களை ஆடும் திறமூல எஞ்சினான ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் மேல் கட்டினால் ஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமம் பொருந்தும்: எஞ்சினைப் பகிர்ந்தால் மூலநிரலும் தரவேண்டும். அந்த உரிமத்தின் 11-ஆம் பிரிவு தரும் காப்புரிமை அனுமதி, அதன் பங்களிப்பாளர்களின் காப்புரிமைகளுக்கு மட்டுமே. வெளியாள் வழக்கைத் தடுக்காது.