டெயா ஹெட்டா? டச்சு படிப்பவர்களுக்கு

டச்சு படிக்க ஆரம்பித்ததுமே எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெ போடுவதா, ஹெட் போடுவதா? (இரண்டுமே ஆங்கிலத்தின் 'the' மாதிரிதான்.) தமிழில் பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் சொல்கிறோம் இல்லையா, அந்தப் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். மெய்ஷெ என்றால் சிறுமி, ஆனால் அவளுக்கு ஹெட்தான். காரணம் அவளில்லை, கடைசியில் ஒட்டியிருக்கும் 'யெ' என்ற குறுமை விகுதி (ஸகரத்தோடு சேரும்போது ஷெ என்று ஒலிக்கும்). அது ஒட்டினால் ஒருமையில் எந்தச் சொல்லுக்கும் ஹெட். பூனை டெ கட், குட்டிப்பூனை ஹெட் கட்யெ.

பன்மைக்கு எப்போதும் டெ. ஹெட் பூக் ஒரு புத்தகம், டெ பூகென் பல புத்தகங்கள். இந்த இரண்டும் விதிவிலக்கே இல்லாதவை, முதலில் இவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல் சொல்வதுதான் சட்டம். நம் கக்கூஸையே எடுத்துக்கொள்ளுங்கள், டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்தான் அது: மலம் என்ற கக் டெ, வீடு என்ற ஹொய்ஸ் ஹெட், சேர்ந்தால் ஹெட் கக்ஹொய்ஸ். இலங்கையில் அலுவலகத்தைக் கந்தோர் என்பார்களே, அதன் மூலச்சொல்லுக்கும் ஹெட். துட்டும் டச்சிலிருந்து வந்ததுதான், அதன் மூலத்துக்கு டெ.

மற்றபடி சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யவே செய்யாதீர்கள், டெயோ ஹெட்டோ சேர்த்து ஒரே சொல்லாக எழுதிப் படியுங்கள். காதால் கேட்டுப் பிடிக்கலாம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள், வேகமாகப் பேசும்போது ஹெட் வெறும் 'அட்' ஆகிக் கரைந்துவிடும். சுத்தமாகத் தெரியாவிட்டால் டெ போடுங்கள், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குச் சொற்களுக்கு அதுதான்.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், இந்த ஒரு சொல்லோடு தப்பு நிற்காது. 'இந்த' என்பது டெ சொல்லுக்கு டேஸெ, ஹெட் சொல்லுக்கு டிட். பெயரடையும் மாறும்: கார் டெ சொல், அதனால் ஒரு சிவப்புக் கார் என்றால் அன் ரோடெ ஔட்டோ, ஒரு சிவப்பு வீடு என்றால் அன் ரோட் ஹொய்ஸ். ஆனால் 'அந்த' குறிப்பிட்ட சிவப்பு வீடு என்றதும் ஹெட் ரோடெ ஹொய்ஸ், ரோடெவின் கடைசியில் உள்ள 'எ' விகுதி திரும்பி வந்துவிடும். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்.

அப்புறம், பொருளே மாறிப்போகும் சில ஜோடிகளும் உண்டு. ஹெட் பட் என்றால் பாதை, டெ பட் என்றால் தேரை.