மூடுபனி விலகிய பின் வரும் காற்று: முன்னறிவிப்பைப் படிப்பதில் நேரும் தவறுகள்

காலையில் அடர்ந்த மூடுபனி, பிற்பகலில் பலத்த காற்று என்று ஒரே நாளுக்கு முன்னறிவிப்பு வந்தால், பலர் முதல் பாதியை மட்டும்தான் மனதில் வைக்கிறார்கள். பனி விலகி வெயில் வந்ததும் வானிலை சரியாகிவிட்டது என்று நினைத்துப் படகை எடுக்கிறார்கள், கூரை வேலைக்கு ஏறுகிறார்கள். இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான்.

ஏன் என்றால், பனியைக் கலைப்பதும் காற்றைக் கிளப்புவதும் பல நாட்களில் ஒரே காரணம்தான். மேகமில்லாத, காற்று அடங்கிய இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாக மாறி மூடுபனி ஆகிறது. குளிர்ந்த கனமான காற்று கீழே, சற்றுச் சூடான காற்று மேலே என்று அடுக்கு பிரிந்துவிடுவதால், ஒரு மூடி போட்டதுபோல் கீழே எல்லாம் அசையாமல் நிற்கும். சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று விரைந்து ஓடிக்கொண்டிருந்தாலும் தரையில் இலை ஆடாது. வெயில் ஏறித் தரை சூடானதும் அந்த அடுக்கு உடைகிறது. பனி கலைகிறது, மேலே ஓடிய காற்றும் கீழே இறங்குகிறது. பனி போன பிறகு கிடைக்கும் அமைதி சில நாட்களில் மிகவும் குறுகியது. தகரம், பேனர், தார்ப்பாய் போன்றவற்றைக் கட்டிவைக்கும் வேலையைப் பனி இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது, எண்களைப் படிப்பதில் வரும் தவறு. ‘மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும் காற்று வீசக்கூடும்’ என்றால் 40-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் எண் சராசரி. உலக வானிலை அமைப்பின் முறைப்படி, திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் 10 நிமிடங்களுக்கு எடுக்கும் சராசரி அது. இரண்டாவது எண் சில நொடிகளே நீடிக்கும் வீச்சு. கிளையை முறிப்பதும் ஏணியைச் சாய்ப்பதும் பெரும்பாலும் அந்தச் சில நொடிகள்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் 60-இல் தாக்கும் விசை 40-இல் இருப்பதைப்போல் இரண்டே கால் மடங்கு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. திட்டமிடும்போது பெரிய எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் அறிக்கை என்றால் அலகையும் பாருங்கள்: 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ., வினாடிக்கு 1 மீட்டர் என்பது மணிக்கு 3.6 கி.மீ.

‘காற்று அடித்தால் பனி ஓடிவிடும்’ என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தரை குளிர்ந்து உண்டாகும் பனிக்குத்தான் அது சரி. ஈரமான வெப்பக்காற்று குளிர்ந்த கடல்பரப்பின் மேல் நகரும்போது உருவாகும் பனி காற்றோடு சேர்ந்தே வரும், ஓரளவு வேகமான காற்றிலும் கலையாது. அது போகப் பெரும்பாலும் காற்றின் திசை மாற வேண்டும், அல்லது வேறு வகைக் காற்று வந்து சேர வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் வேகத்தோடு திசையையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

செல்போனில் தெரியும் ஒற்றைப் படத்தை நம்பி நாளைத் தீர்மானிக்கவும் வேண்டாம். வட்டார முன்னறிவிப்பு பரந்த பகுதிக்குச் சொல்லப்படுவது. பள்ளத்தாக்கில் பனி தங்கியிருக்கும்போதே மேட்டிலும் பாலத்திலும் காற்று தொடங்கியிருக்கலாம். மணிவாரி விவரத்தையும், அறிக்கை எப்போது வெளியானது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வண்டி ஓட்டுபவர்கள் பனிக்குள் ஹைபீம் போட்டால் ஒளி துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும், லோ பீம்தான் சரி. பனி விலகியதும் பின்பக்கப் பனிவிளக்கை அணைத்துவிட வேண்டும், பின்னால் வருபவருக்குக் கண் கூசும். அப்புறம், சாலை தெளிவாகத் தெரிகிறதே என்று வேகம் பிடிக்கக் கூடாது. தார் இன்னும் ஈரமாக இருக்கலாம். லாரியைத் தாண்டும்போது அதன் மறைவிலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் பக்கக்காற்று மொத்தமாகத் தாக்கும். இருசக்கர வாகனத்தில் செல்பவர்கள் தூக்கி எறியப்படும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 9 மணிக்கு விலகும் என்ற பனி 11 மணி வரை நின்றால், ‘காற்றும் வராதுபோல’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வெயிலால் கிளம்பும் காற்று என்றால் அதுவும் தள்ளிப்போகலாம், சரி. ஆனால் நெருங்கி வரும் காற்றழுத்தத் தாழ்வால் வீசப்போகும் காற்று வெயிலுக்காகக் காத்திருக்காது. அது தன் நேரத்துக்கு வரும், இரவிலும் அடங்காமல் வீசும். பனி தாமதமாக விலகும் நாளில் பனிக்கும் காற்றுக்கும் நடுவே வேலை செய்யக் கிடைக்கும் நேரம்தான் சுருங்குகிறது.