பிள்ளைகளோடு காரில் கொடைக்கானல் போகிறீர்களா?

மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். வத்தலகுண்டு தாண்டி மலைப்பாதை ஏறும்போதுதான் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் காலையில் பூரி, பொங்கல் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வத்தலகுண்டிலேயே பிள்ளைகள் கையிலிருந்து செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். குனிந்து திரையையே பார்த்தால் தலைசுற்றல் கூடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தூரத்து மலையைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள். வாந்தி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. மாற்று உடுப்பு, துண்டு, கவர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். டிக்கியில் வைத்துவிட்டு, கொண்டை ஊசி வளைவில் நிறுத்தவும் முடியாமல் நாங்கள் தவித்திருக்கிறோம். எவ்வளவு அழுதாலும் பிள்ளையை முன்சீட்டில் மடியில் வைக்காதீர்கள். அப்புறம், 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். முந்தின நாளே எடுத்துவிடுங்கள்.